ஓடக்காரனை யார் அக்கரை சேர்ப்பது?

அனுப்புநர்:
எல்கானா ப்ரூம்,
ஓடக்காரன் (இந்த நிமிடம் வரை),
ஓடத்துறை வீடு,
நியூ ஆஷ்கம்.

பெறுநர்:
மாண்புமிகு ஆளுநர் அவர்கள்,
குடியேற்றத் தலைமை மன்றம்.

வழி:
நீதிபதி ஹம்ஃப்ரி ட்ரெஸ்காட் அவர்கள்,
நியூ ஆஷ்கம்.

பொருள்: ஊர்நீக்கத் தண்டனை பெற்ற ஓடக்காரன் தன்னைத் தானே அக்கரை சேர்த்துக்கொள்வது எப்படி என்று விளக்கம் கோருதல் – குளிர்காலத்தில் கைக்குழந்தையோடு வெளியேற்றுவதைத் தடுக்கவும், மனுதாரரின் காதுகள் இரண்டையும் இருந்த இடத்திலேயே இருக்க விடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஓடம் ஓடாமல் கட்டிக் கிடப்பதால் இந்த மனு சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு கால்நடையாகத் தங்களிடம் வருகிறது. தாள் நனைந்திருந்தாலும் தாமதமாகியிருந்தாலும் பொறுத்தருளக் கேட்டுக்கொள்கிறேன். மாதத்தைப் பெயர் சொல்லி எழுதினால் அது விக்கிரக ஆராதனை என்று எங்கள் போதகர் தீர்மானித்திருப்பதால், இதில் மாதங்களை, வசந்தத்தில் ஆண்டு தொடங்கும் நம் கணக்குப்படி, எண்ணால் மட்டுமே குறித்திருக்கிறேன். என் குற்றப் பட்டியலில் இன்னும் ஒன்றுக்கு இடமில்லை.

1. நான் முதல் கப்பலில் வந்தவன். ஏன் வந்தேன் என்பது தாங்கள் அறிந்ததே. தாங்களும் அதே காரணத்துக்காக அதே கடலைத் தாண்டியவர்தான். பழைய நாட்டில், ஆஷ்கம் ஊர் ஆலயத்தில், திருவிருந்தின்போது மண்டியிட மாட்டேன் என்று சொன்னதற்காகப் பேராயரின் ஆட்கள் என்னைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அந்த அறையில் எனக்கு முன்பே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர், இன்று எங்கள் போதகராக இருக்கும் பார்னபஸ் ஓட்லி. இன்னொருவர், இன்று எங்கள் நீதிபதியாக இருக்கும் ஹம்ஃப்ரி ட்ரெஸ்காட். மூவருக்கும் ஒரே வைக்கோல், பேனும் பொது.

2. நீதிபதி அவர்கள் பேராயரைக் கண்டித்து ஒரு துண்டுப் பிரசுரம் எழுதியிருந்தார். அதற்காக அவருடைய இடது காதின் மேல்பாதியை அறுத்திருந்தார்கள். என் சட்டையைக் கிழித்து அந்தக் காதில் கட்டுப் போட்டவன் நான். அப்போது அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே தருகிறேன்: "எல்கானா, நமக்குன்னு ஒரு ஊர் அமையட்டும்டா. அங்க எவன் மனசாட்சி மேலயும் எவனும் கை வைக்கக் கூடாது. இது கர்த்தர் மேல ஆணை." போதகர் ஓட்லி அதற்கு ஆமென் சொன்னார். நானும் சொன்னேன். அவர் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார் என்று ஞாபகம்.

3. கர்த்தர் கிருபையால் ஊர் அமைந்தது. முதல் கோடையில் ஆலயம் கட்டினோம். இரண்டாம் கோடையில் ஆலயத்துக்கு வராதவர்களைக் கட்டிவைக்கக் கட்டை செய்தோம். ஒத்துப்போகாதவர்களை ஊரில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட வேண்டும், திரும்பி வந்தால் காதை அறுக்க வேண்டும் என்ற சட்டம் மூன்றாம் கோடையில் வந்தது. யாரோடு ஒத்துப்போகாதவர்கள் என்று சட்டத்தில் எழுதவில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்பதால் விட்டிருப்பார்கள்.

4. என்னை ஓடக்காரனாக வைத்தது ஊர் மன்றம். ஊரில் இந்த ஓடத்தை என்னைத் தவிர வேறு யாரும் ஓட்டக் கூடாது என்று உத்தரவும் தந்தது. ஊர்நீக்கம் பெற்றவர்களை அக்கரை சேர்ப்பது என் கடமைகளில் ஒன்று. அவர்களோடு நான் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது கூடவே வந்த விதி. பேசினால் அவர்களுடைய தப்பறை, அதாவது பொய்ப் போதனை, என்னைத் தொற்றிக்கொள்ளுமாம். அந்த விதியை இன்றுவரை ஒரு முறையும் மீறியதில்லை என்று கர்த்தரைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன்.

5. ஆனால் என் வாயைக் கட்டிய சட்டம், அவர்கள் வாயைக் கட்ட மறந்துவிட்டது. முதலில் டோபியாஸ் கெட்டில் என்ற தச்சர் வந்தார். ஓய்வுநாளை நம்மைப் போல வாரத்தின் முதல் நாளில் அல்ல, ஏழாம் நாளில்தான் ஆசரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. துறையில் ஏறியவர் அக்கரையில் இறங்கும்வரை அதற்கான ஆதாரங்களை ஒவ்வொன்றாக எனக்கு எடுத்துச் சொன்னார். பின்பு கிட்டெரிட்ஜ் சகோதரர்கள். ஆலயத்தில் பாட்டே கூடாது என்றார் அண்ணன். இன்னும் சத்தமாகப் பாட வேண்டும் என்றார் தம்பி. இருவரையும் ஒரே ஓடத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அன்று ஓடம் கவிழாமல் போனது என் திறமை அல்ல, தேவ கிருபைதான். அதன்பின் விதவை டிசயர் பென்ஹாலோ அம்மாள். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது செல்லாது, விவரம் தெரிந்து ஒருவன் தானே விரும்பிக் கேட்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் நம்பிக்கை. "நீ பதில் சொல்ல வேண்டாம் தம்பி, உன் வேலைக்கு உலை வெச்சிடுவாங்க. நான் சொல்றத மட்டும் கேட்டுக்கிட்டே துடுப்பு போடு," என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஆரம்பித்தார்.

6. ஆக, ஊரில் வேறு எவர் காதிலும் விழக் கூடாது என்று ஆற்றைத் தாண்டி அனுப்பிய உபதேசங்கள் அத்தனையையும், குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லாமல், நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டபடியே, ஒருவன் முழுமையாகக் கேட்டிருக்கிறான். அந்த வேலைக்கு அவனை வைத்தது ஊர் மன்றம். போதகரின் பிரசங்கத்தில்கூட எனக்கு நடுவில் கண் அசந்துவிடும். ஆலயத்தில் தூங்குகிறவர்களைக் கண்காணிக்கும் கோல்காரர், கோல் நுனியில் கட்டிய நரிவாலை மூக்கில் தடவி எழுப்புவார். ஆற்று நடுவில் அசர முடியாது.

7. இனி என் வீட்டு விஷயம். என் மனைவி பெயர் சைலன்ஸ், அதாவது மௌனம். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். எங்களுக்கு முதல் மகன் சென்ற குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில், பன்னிரண்டாம் மாதத்தில் பிறந்தான். பிறந்ததை அடுத்து வரும் ஓய்வுநாளிலேயே குழந்தையை ஆலயத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது நம் வழக்கம். நம் ஆலயத்தில் கணப்பு கிடையாது. குளிர் காய்ந்தால் பக்தி குறைந்துவிடும் என்று கட்டும்போதே முடிவு செய்தோம். அன்று ஞானஸ்நானக் கிண்ணத்துத் தண்ணீர் உறைந்திருந்தது. கோல்காரர் தன் கோலின் அடியால் அந்தப் பனிக்கட்டியை உடைத்துக் கொடுத்தார். போதகர் அதில் கையை நனைத்து என் மகன் தலையில் மூன்று முறை வைத்தார். ஹோப்ஸ்டில், அதாவது இன்னும் நம்பிக்கை கொள், என்று பெயரிட்டோம். அடுத்த ஓய்வுநாளுக்குள் அவனைப் புதைத்துவிட்டோம்.

8. போதகர் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னார். "உடன்படிக்கையின் அடையாளத்தோடதான் போயிருக்கான். மனசைத் தேத்திக்கம்மா," என்றார். அதற்கு என் மனைவி, "அந்த அடையாளத்த கொஞ்சம் சுட வெச்சுக் குடுத்திருந்தீங்கன்னா போயிருக்கவே மாட்டானே ஐயா," என்றாள். இதை மன்றத்தில் தெய்வநிந்தனை என்று பதிந்திருக்கிறார்கள். தாய் பேசியது என்று பதியவில்லை. ஐயா, இந்த இடத்தில் நான் மரியாதையாக எழுத எவ்வளவோ முயன்று பார்த்தேன். எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதற்குமேல் எழுத வரவில்லை.

9. இந்த ஆண்டு எட்டாம் மாதத்தில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளை ஆலயத்துக்குக் கொண்டுபோகவில்லை. கோல்காரர் கதவைத் தட்டி, "என்ன எல்கானா, கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நல்ல சுகம், அப்படியே இருக்கட்டும் என்றுதான் வீட்டில் வைத்திருக்கிறோம் என்றேன். அவள் வளர்ந்து, விவரம் தெரிந்து, தானே கேட்டால், வெயில் காலத்தில் நானே ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னேன். அடுத்த ஓய்வுநாளில் வேறொரு குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தபோது என் மனைவி ஆலயத்துக்குள்ளேயே பலகையில் திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். அவள் அன்று வாய் திறக்கவில்லை. பெயருக்கு ஏற்றபடி அவள் நடந்துகொண்ட ஒரே நாளில்தான் ஊரே அவள் மேல் பாய்ந்தது.

10. விசாரணை நடந்தது. இந்தத் தப்பறை எங்கிருந்து வந்தது என்று போதகர் கேட்டார். ஓடத்தில் வந்தது, மன்றம்தான் ஏற்றி அனுப்பியது என்றேன். நீதிபதி ட்ரெஸ்காட் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டே தீர்ப்பை வாசித்தார்: ஆறு உறைவதற்கு முன் நானும் மனைவியும் குழந்தையும் ஊரை விட்டு வெளியேற வேண்டும், திரும்பி வந்தால் என் காதுகள் இரண்டும் போகும். வாசித்து முடித்ததும் இடது காதின் மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆண்கள் முடியை நீளமாக வளர்ப்பதும் நம் ஊரில் குற்றம்தான். அவரிடம் மட்டும் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

11. இதன்பின் நடந்ததைத் தாங்கள் நம்புவது கடினம் என்பதால் ஊர் மன்றத்திலேயே சாட்சிகள் உண்டு என்று முன்கூட்டித் தெரிவித்துக்கொள்கிறேன். எங்களை அக்கரை சேர்க்க வேண்டியது ஓடக்காரன். ஓடக்காரன் நான். நானே எங்களை அக்கரை சேர்த்துக்கொண்டால் ஓடம் அக்கரையிலேயே நின்றுவிடும். அறுவடைச் சோளம், மரம், தபால் எல்லாம் அதில்தான் வந்தாக வேண்டும். ஓடத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால், ஊர்நீக்கப்பட்டவன் திரும்பி வந்தான் என்று காது போகும். மன்றத்தில் இதைப் பற்றி மதியம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை பேசினார்கள்.

12. "வேற ஒருத்தன ஓடக்காரனா போட்டுட்டா தீந்துது," என்றார் மன்றத்தில் இருந்த மாவு ஆலைக்காரர். "யார போடறது? நீர் வர்றீரா?" என்று கேட்டார் போதகர். "நான் எதுக்கு? ஒவ்வொருத்தரா ஏத்திட்டுப் போறப்ப அவங்க பேசறதெல்லாம் கேக்கணும். அப்புறம் என்னையும் இவன மாதிரி ஆக்கிட்டு, என்னைய யார் கொண்டுபோய் விடறதுன்னு மறுபடியும் கூட்டம் போடுவீங்க," என்றார் ஆலைக்காரர். பதினோரு ஆண்டுகளாக அந்த மன்றத்தில் நான் கேட்ட அறிவான பேச்சு அது ஒன்றுதான். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

13. கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஓடத்தின் பின்புறம் நீளமான கயிறு கட்டுவது; நாங்கள் அக்கரையில் இறங்கியதும் ஊர்க்காரர்கள் இங்கிருந்து ஓடத்தை இழுத்துக்கொள்வது. ஆனால் அவ்வளவு நீளக் கயிறு ஊரில் கிடையாது. வீட்டுக்கு வீடு துண்டு துண்டாக வாங்கி முடிச்சுப் போட்டார்கள். நல்ல கயிற்றை யாரும் கொடுக்கவில்லை. எனக்கு முடிச்சுப் போடத் தெரியும் என்றேன். தண்டனை பெற்றவன் கை படக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முக்கியமான முடிச்சுகளைப் போதகரே போட்டார்.

14. ஒருமுறை வெறும் ஓடத்தை விட்டுப் பார்க்க வேண்டும் என்று தீர்மானமானது. அதை அக்கரைவரை யார் ஓட்டிப் போவது என்று கேட்டதும் ஆளாளுக்குக் கயிற்றைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். அப்போது நீதிபதி ட்ரெஸ்காட் அவர்கள், "துடுப்பு போடறது அப்படி என்ன பெரிய வித்தையாய்யா? நகருங்க," என்று சொல்லி, மேலங்கியைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு ஓடத்தில் ஏறினார். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மாலை அது. சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்பதால் எல்லாரும் அவசரப்பட்டார்கள். ஊரில் பாதிப் பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பிடிக்க அனுமதி இல்லாததால் நான் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தேன்.

15. நீதிபதி அவர்கள் ஓடத்தை நின்ற இடத்திலேயே ஒரு முறை முழுதாகச் சுழற்றினார். இரண்டாம் முறை சுற்றும்போது ஒரு துடுப்பு கை நழுவி ஆற்றோடு போனது. "இழுங்கய்யா! இழுங்க!" என்று கத்தினார். எல்லாரும் ஒன்றாக இழுத்தார்கள். போதகர் போட்ட முடிச்சு அவிழ்ந்தது. இழுத்தவர்கள் மொத்தமாக மல்லாந்து சேற்றில் விழுந்தார்கள்; அதில் மூப்பர்கள் நால்வர். ஓடம் நீதிபதியோடு கீழ்நோக்கிப் போய், வளைவை எட்டுமுன், அக்கரை நாணலில் சொருகி நின்றது. நாணலுக்குள்ளிருந்து டோபியாஸ் கெட்டிலும் கிட்டெரிட்ஜ் சகோதரர்களும் ஓடிவந்து அவரைக் கைகொடுத்து மேலே ஏற்றினார்கள். சூரியன் மறைந்தது. இக்கரையில் ஓய்வுநாள் ஆரம்பமாகிவிட்டது.

16. நீதிபதியின் மனைவி கரையில் நின்று, "ஏங்க, கால் நனைஞ்சிருந்தா காலுறைய கழட்டிடுங்க! அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பின்பு போதகரிடம் திரும்பி, இப்போதே ஆளை அனுப்பி அவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள் என்று அழுதார். ஓய்வுநாளில் ஆட்டுக்குட்டி குழியில் விழுந்தால் தூக்கிவிடலாமே என்று மூப்பர் ஒருவர் மெதுவாகச் சொன்னார். போதகர் சிந்தித்தார். அக்கரையில் அதற்குள் நெருப்பு எரியத் தொடங்கியிருந்தது. நீதிபதி அதன் முன்னால் உட்கார்ந்து கிண்ணத்திலிருந்து எதையோ சாப்பிடுவது இங்கிருந்தே தெரிந்தது. குழியில் விழுந்த ஆடு சாப்பிடாது, ஆகவே இது அவசரம் ஆகாது என்று போதகர் தீர்ப்புச் சொன்னார்.

17. இப்படியாக நீதிபதி அவர்கள் ஒரு முழு ஓய்வுநாளை, தாமே ஊர்நீக்கம் செய்தவர்களோடு கழித்தார். விதவை பென்ஹாலோ அவருக்குச் சோளக்கஞ்சியும் விலாங்கு மீனும் கொடுத்திருக்கிறார். மீனைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அந்தக் கரையில் காலங்காலமாக வாழும் மக்கள். அஞ்ஞானிகள் என்று நாம் அழைக்கும் அவர்கள்தான் நாம் துரத்திய விசுவாசிகளுக்கு முதல் குளிர்காலத்தில் சோறு போட்டவர்கள். டோபியாஸ் தம்முடைய ஓய்வுநாளை அன்று மாலையே முடித்துவிட்டு, மறுநாள் நீதிபதியின் ஓய்வுநாளைக் கெடுக்கக் கூடாது என்று மரம் வெட்டாமல் இருந்திருக்கிறார். சின்ன கிட்டெரிட்ஜ் பாடினார். பெரிய கிட்டெரிட்ஜ் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அக்கரையில் ஆளுக்கொரு குடிசை, குடிசைக்கொரு கொள்கை. ஆனால் எவரும் எவரையும் எங்கும் அனுப்புவதில்லை. அனுப்புவதற்கு இன்னொரு ஆறு பக்கத்தில் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

18. அவர்களில் யாருக்கும் நீதிபதியை ஓடத்தில் ஏற்றி இக்கரை சேர்க்கத் தெரியாமல் இல்லை. இக்கரையைத் தொட்டால் காது போகும் என்பதால் அவர்கள் துணியவில்லை. அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் நீதிபதி அவர்களேதான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

19. ஓய்வுநாள் முடிந்த மறுநாள் விடிந்ததும் ஊரே என் வாசலில் நின்றது. "போய்க் கூட்டிட்டு வாய்யா! இன்னும் என்னத்துக்கு நின்னுக்கிட்டு இருக்கே?" என்றார் போதகர். "ஐயா, நான் அக்கரையில கால் வெச்சா என்னைய ஊரைவிட்டுத் தள்ளினதா ஆயிடாதா? அப்புறம் திரும்பி வந்தா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல போ!" என்றார். சாட்சிக்கு ஆலைக்காரர் இருக்கிறார். ஓர் ஆள் மட்டுமே ஏறக்கூடிய சிறிய மரத்தோணியில் போனேன். நாணலில் சிக்கிய ஓடத்தைத் தள்ளிவிடக் கரையில் இறங்கினேன். இரண்டு காலும்தான் வைத்தேன். ஒன்றை இக்கரையில் வைத்துவிட்டு மற்றதால் ஓடத்தைத் தள்ளும் அளவுக்குக் கர்த்தர் எனக்கு நீளமான கால் தரவில்லை. தோணியைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோணியின் துடுப்பை வைத்தே நீதிபதி அவர்களை நலமாக இக்கரை சேர்த்தேன்.

20. அந்த "அப்புறம்" இப்போது வந்திருக்கிறது. நான் அக்கரையில் கால் வைத்த நொடியிலேயே தண்டனை நிறைவேறிவிட்டது, இக்கரைக்கு வந்தது திரும்பி வந்த குற்றம், எனவே வரும் பிரசங்க நாளில் ஆலயத்தின் முன் என் காதுகளை அறுக்க வேண்டும் என்று போதகர் ஓட்லி மனுக் கொடுத்திருக்கிறார். நீதிபதியும் பக்கத்தில் உட்கார்ந்துதானே வந்தார் என்று கேட்டேன். அவரை யாரும் ஊர்நீக்கம் செய்யவில்லையே என்கிறார். அந்த மனுவில் நீதிபதி அவர்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, தள்ளுபடியும் செய்யவில்லை. இரண்டு நாளாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று கேள்வி. எனக்குப் பின் ஓடம் தொட ஆளில்லாததால் துறையில் சோளமூட்டைகள் நனைந்துகொண்டிருக்கின்றன.

21. இனி நான் சொல்வதை நீதிபதி அவர்களைக் குற்றம் சாட்டுவதாகத் தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பி வரும்போது ஆற்று நடுவில் காற்று அடித்தது. அவர் முடி ஒதுங்கிக் காது தெரிந்தது. பழைய காயம், ஓரம் சுருண்டு, நான் கட்டுப் போட்ட அன்று இருந்ததைவிடச் சிறியதாகிவிட்டது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். முடியை இழுத்து மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எல்கானா, அன்னிக்கு ஜெயில்ல நான் ஒண்ணு சொன்னேனே. உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

22. நான் பதில் சொல்லவில்லை. ஊர்நீக்கப்பட்டவர்களோடு உண்டு, ஓய்வுநாளைக் கழித்த எவரையும், விசாரிக்கும்வரை அவர்களில் ஒருவராகவே கருத வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்டவரோடு ஓடக்காரன் பேசக் கூடாது. விதியை மீறியதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், மீறவில்லை. கரை வந்தது. இறங்கும்போது நீதிபதி கால் தடுமாறினார்; கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

23. என் மனைவி தன் தரப்பையும் எழுதச் சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "நாங்க எதுக்குப் போகணும்? அக்கரை நல்ல எடந்தான். அந்தம்மா நல்லவங்கதான். ஆனா எம் புள்ள இங்க மண்ணுக்குள்ள கெடக்கான். ஒரு கடல தாண்டியாச்சு. இனிமே ஒரு முழங்கால் தண்ணியக்கூட நான் தாண்ட மாட்டேன். தூக்கிட்டுப் போறதுன்னா எங்களோட அவனையும் தோண்டி எடுத்துக் குடுங்க." இதை மன்றத்துக்கு ஏற்ற மொழியில் மாற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆற்றோரத்தில் காலை வேளைகளில் மெல்லிய பனி ஏடு படியத் தொடங்கிவிட்டது. குழந்தைக்கு இருமல் இல்லை, இதுவரை இல்லை.

ஆகவே, மாண்புமிகு ஆளுநர் அவர்கள் கருணை கூர்ந்து,

என் மீதும் என் மனைவி மீதும் விதிக்கப்பட்ட ஊர்நீக்கத்தை ரத்து செய்ய வேண்டுகிறேன். அது இயலாதென்றால், பனி உருகிக் குழந்தை கொஞ்சம் தேறும்வரையாவது எங்களை எங்கள் வீட்டில் விட்டுவைக்க வேண்டுகிறேன். அதுவும் இயலாதென்றால், எங்களை அக்கரை சேர்க்கப் போகிறவர் யார், அவரைப் பின்னொரு நாள் அக்கரை சேர்க்கப் போகிறவர் யார், இப்படியே கடைசியாக இக்கரையில் மிஞ்சப் போகிற ஒருவர் யார் என்று மன்றம் இப்போதே தீர்மானித்து, அவருக்கு மட்டுமாவது துடுப்புப் போடக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அது போதகர் ஓட்லியாக இருக்கும் என்பது என் கணிப்பு. முடிச்சுப் போடவும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பது நல்லது.

காதுகளைப் பொறுத்தவரை, அவற்றை வைத்துக்கொள்ள அனுமதிக்கும்படி தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஊர் சொன்னதையும் மறந்ததையும் நினைவில் வைத்திருப்பவை அவைதான்.

இந்த மனு நீதிபதி ட்ரெஸ்காட் அவர்கள் வழியாகத் தங்களிடம் வருவதால், அவர் படிக்காமல் தங்களிடம் சேராது. ஆற்றில் எனக்குப் பேச அனுமதி இல்லை. மனு எழுதத் தடை இல்லை. ஆகையால் அவர் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன்: ஞாபகம் இருக்கிறது ஐயா. ஒரு வார்த்தை மறக்கவில்லை. கட்டுப் போட்ட சட்டைத் துணி என்ன நிறம் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,

எல்கானா ப்ரூம் (ஒப்பம்)

சைலன்ஸ் ப்ரூம் (கைக்குறி)

குழந்தை கையெழுத்திடவில்லை. அவளுக்காக நாங்களும் போடவில்லை. அவள் வளர்ந்து, எழுத்துக் கற்று, இதைத் தானே படித்துப் பார்த்துவிட்டு, மனம் இருந்தால் போடுவாள்.

இடம்: நியூ ஆஷ்கம் ஓடத்துறை, இக்கரை
நாள்: கர்த்தரின் ஆண்டு 1649, ஒன்பதாம் மாதம், 19